குடியிருந்துகொண்டே வீட்டு வேலை: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம் என்றால் டைல்ஸ் விலையும் சிமெண்ட் விலையும் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த நாட்களில் சோறு எங்கே வடிப்பது, வயசானவர்கள் ராத்திரி எந்தப் பக்கமாகக் கழிவறைக்குப் போவது, பிள்ளை எங்கே உட்கார்ந்து படிப்பது என்று கேட்டால் மட்டும் "எப்படியாவது சமாளிச்சுக்கலாம்" என்கிறார்கள். அந்தச் சமாளிப்பு முழுக்க வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. வேளப்பாடியில் எங்கள் பழைய வீட்டை இப்படிப் புதுப்பித்ததிலிருந்து உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள் இவை.

வேலை முடியும்வரை வாடகை வீட்டுக்குப் போய்விடலாமா, இங்கேயே இருக்கலாமா?

மேல்கூரையைப் பிரிப்பதாக இருந்தால் போய்விடுங்கள். ஒரே ஒரு கழிவறை இருந்து அதையும் இடிப்பதாக இருந்தாலும் போய்விடுவதே நல்லது. மற்றபடி தரை, சமையலறை, பூச்சு, வயரிங் என்றால் அங்கேயே இருந்து சமாளிக்க முடியும்.

வேலூரில் குறுகிய நாளுக்கு வீடு கிடைப்பது லேசில்லை. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி, தோட்டப்பாளையம், சைதாப்பேட்டை, காகிதப்பட்டறை பக்கமெல்லாம் நாள் வாடகை அறைகள் நிறைய. ஆனால் அவை மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து தங்குகிறவர்களை நம்பி நடப்பவை. நாள் கணக்கில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்தினால் கட்டட வேலைக்கு வைத்திருக்கும் பணம் அங்கேயே கரைந்துவிடும். காட்பாடியில் கல்லூரிப் பக்கம் மாணவர்களுக்குத்தான் முதலிடம். சத்துவாச்சாரி, பாகாயம், அரியூர் பக்கம் சொந்தக்காரர் வீட்டு மாடிப் போர்ஷன் ஏதாவது காலியாக இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எல்லோரும் போகாவிட்டாலும் வயசானவர்களையும் கைக்குழந்தையையும் இடிக்கிற நாட்களுக்கு மட்டும் அங்கே அனுப்பலாம்.

இங்கேயே இருப்பதென்று முடிவு செய்தால் மேஸ்திரியிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். சாயந்திரம் ஆட்கள் கிளம்பும்போது ஓர் அடுப்பு, ஒரு கழிவறை, படுக்க ஓர் அறை, இந்த மூன்றும் புழங்குகிற நிலையில் இருக்க வேண்டும். வேலையை எந்த வரிசையில் செய்தாலும் இந்த மூன்றைக் கெடுக்காமல் செய்ய வேண்டும். "எல்லாத்தையும் ஒரேடியா இடிச்சிட்டா சீக்கிரம் முடியும்மா" என்பார்கள். ஆட்களுக்குச் சீக்கிரம் முடியும்தான், நடுவில் இருந்து குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் நரகம். இதை ஒப்புக்கொள்ளாத மேஸ்திரியிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

பொங்கல் கழிந்து தை நடுவில் தொடங்குவது இந்த ஊருக்கு ஏற்றது. வெயில் ஏறாது, மழையும் இருக்காது, பூச்சு நிதானமாகக் காயும். ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் ஆட்கள் எருது விடும் விழா என்றால் கட்டாயம் லீவு போடுவார்கள். மாசியில் மயானக்கொள்ளை. குடியாத்தத்து ஆட்களாக இருந்தால் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்று வேலைக்கு வரமாட்டார்கள், அவர்களை அன்று எதிர்பார்ப்பதும் தப்பு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, வள்ளிமலை, ரத்தினகிரி என்று காவடி எடுத்துப் போய்விடுவார்கள். வேலை தொடங்கும் முன்பே மேஸ்திரியை உட்காரவைத்துக் காலண்டரில் இந்த நாட்களையெல்லாம் வட்டம் போட்டுவிட்டால் பிறகு மனஸ்தாபம் வராது.

சித்திரை, வைகாசி பற்றிச் சொல்லவே வேண்டாம். மே 4ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கினால் மாதக் கடைசி வரை வேலூர் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அந்த வெயிலில் வெளிச்சுவர்ப் பூச்சு இறுகும் முன்பே காய்ந்து நூல் நூலாக வெடிக்கும். ஆட்களுக்கும் ஆபத்து. பள்ளி லீவு என்பதால் பலர் அந்த மாதங்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வேறு வழியில்லை என்றால் உள்வேலைகளை மட்டும் அப்போது வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கி, உச்சி வெயிலில் நிறுத்தி, மூன்றரைக்கு மேல் மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள்.

ஆனி முதல் புரட்டாசி வரை பகலெல்லாம் வெயில் அடித்துவிட்டுச் சாயந்திரம் திடீரென்று இடி மழை கொட்டும். மெத்தையில், அதாவது மொட்டை மாடியில், தட்டோடு என்கிற தட்டையான தள ஓட்டைப் பெயர்த்துப் போட்டிருந்தால் கூடத்துக்குள் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கூரை வேலை எதுவானாலும் பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும்.

நோன்பு வைக்கிற வீடுகளில் ரம்ஜான் மாதத்தில் சமையலறையைத் தொடாதீர்கள். விடிவதற்கு முன் சஹர் சாப்பாடு, சாயந்திரம் நோன்புக் கஞ்சி என்று அடுப்பு இரண்டு வேளையும் நேரம் தவறாமல் எரிய வேண்டிய மாதம் அது.

சமையலை எங்கே வைத்துக்கொள்வது?

பின்பக்கத் தாழ்வாரம் இருந்தால் அதுதான் சரியான இடம். இல்லையென்றால் படுக்கையறையின் ஜன்னலோரம். கேஸ் அடுப்பை மேசை மேலும் சிலிண்டரைக் கீழே நிமிர்த்தியும் வையுங்கள். டைல்ஸ் அறுக்கும் மெஷின், கம்பி அறுக்கும் மெஷின் எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. தீப்பொறி பல அடி தூரம் பறக்கும். ஆட்கள் வந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தாழ்வாரத்துச் சமையலில் பெரிய தொல்லை தண்ணீர்தான். அடுப்புக்குப் பக்கத்திலேயே குழாய் வைத்த ஒரு டிரம், அடியில் ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து வடிய ஒரு குழாய், இதை பிளம்பர் அரை நாளில் செய்துவிடுவார். மற்ற எந்த வேலைக்கும் முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள். இது இல்லாத வீட்டில் பெண்கள் குடம் குடமாகத் தூக்கியே இடுப்பு ஒடிந்துபோகிறார்கள்.

அந்த நாட்களில் நாலு வகைச் சமையல் வேண்டாம். நம்ம பக்கத்துச் சாப்பாடே இதற்கு வாகானது. காலையில் கேழ்வரகுக் கூழோ பழைய சோறோ, தொட்டுக்க மோர் மிளகாயும் வெங்காயமும். ராத்திரிக்குக் களி கிண்டிவிட்டால் ஒரு கருவாட்டுக் குழம்போ கீரைக் கடைசலோ போதும். நம்ம ஊர் முள்ளு கத்திரிக்காயை அப்படியே எண்ணெயில் வதக்கிக் குழம்பு வைத்தால் மறுநாள் காலைக்கும் வரும். இட்லி மாவைக் கடையில் வாங்குங்கள். கிரைண்டரைத் துணி போட்டு மூடி, அதன் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுங்கள். மோட்டாரில் சிமெண்ட் தூள் போனால் பிறகு அது எழுந்திருக்காது.

மூடி இல்லாத பாத்திரம் ஒன்றுகூட வெளியே இருக்கக் கூடாது. உப்பு ஜாடி, புளிப் பானை, மிளகாய்த்தூள் டப்பா எல்லாவற்றையும் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கிலோ அரிசி டிரம்மிலோ உள்ளே வைத்து மூடுங்கள். டைல்ஸ் தூள் மாவு மாதிரி நைசாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் உப்பிலும் ரவையிலும் கலந்து பல்லில் நறநறக்கும்போதுதான் தெரியவரும்.

வீட்டு ஆண்களுக்கும் ஒன்று. வேலை நடக்கிற நாட்களில் ஒரு வேளைச் சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து ஆட்களுக்குப் பதில் சொல்லி, பெருக்கி, தண்ணீர் பிடித்துவிட்டு ராத்திரி அடுப்படியிலும் நிற்பவருக்கு அது சலுகை இல்லை, நியாயம்.

எங்க வீட்டுல ஒரே பாத்ரூம். ஆயாவுக்கு முட்டி வலி வேற. அதை எப்படி மாத்துறது?

கழிவறையையும் குளியலறையையும் ஒரே நாளில் இடிக்காதீர்கள். தோட்டத்துப் பக்கம் தகரத் தடுப்பு வைத்துக் குளிக்க ஒரு மறைப்பு கட்டிவிடலாம். கழிவறைக்கு அப்படிச் செய்ய முடியாது. கோப்பை மாற்றும் நாட்களுக்குப் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் தெரு வேலூரில் இன்னும் இல்லை. நடக்க முடியாதவர்களுக்குக் கழிவறை நாற்காலி ஒன்று மருந்துக்கடைப் பக்கம் வாடகைக்கோ விலைக்கோ கிடைக்கும்.

மாற்றுவதுதான் மாற்றுகிறோம், மேலைநாட்டுக் கோப்பை வையுங்கள். பக்கவாட்டில் பிடித்து எழுந்துகொள்ள எவர்சில்வர்க் கம்பி. அந்தக் கம்பி பதிய வேண்டிய இடத்தை டைல்ஸ் ஒட்டும் முன்பே சுவரில் குறித்துத் திடமாக்கச் சொல்லுங்கள். வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானது. வாசற்படி உயரத்தைக் குறைத்துவிடுங்கள். எந்த உயரத்தில் கம்பி வேண்டும் என்பதை ஆயாவையே நாற்காலியில் உட்காரவைத்து, கை எட்டும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெர்ரஸ் வீடு. எல்லாத்தையும் இடிச்சுட்டு சிமெண்ட்டுல போடச் சொல்றாங்க. செய்யலாமா?

அவசரப்படாதீர்கள். கொசப்பேட்டை, வேளப்பாடி, ஆற்காடு, வாலாஜா பக்கத்துப் பழைய வீடுகளில் பல இந்த வகைதான். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கலை நிறுத்திவைத்துக் கோணலாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய கூரை அது. கத்திரி வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே படுத்தவர்களுக்கு அதன் குளிர்ச்சி தெரியும். கான்கிரீட் தளத்தில் அது கிடைக்காது.

முதலில் பார்க்க வேண்டியது கட்டைகள் சுவருக்குள் போகும் முனைகளை. மழைநீர் இறங்கி அழுகுவது அங்கேதான். கூர்மையான திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே பொதபொதவென்று இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. திடமாக இருந்தால் இன்னும் பல வருடம் தாங்கும். ஒன்றிரண்டு கட்டை போயிருந்தால் அவற்றை மட்டும் மாற்றவும், இரும்பு கொடுத்துத் தாங்கவும் தெரிந்த ஆசாரிகள் இருக்கிறார்கள். கூரை ஒழுகினால் மேலே தட்டோடு பெயர்ந்த இடத்தைத்தான் சரி செய்ய வேண்டும்.

சுவர் விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு ஒத்துவராது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விடும். சிமெண்ட் பூசி அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். உதிர்ந்த இடத்தைச் சுண்ணாம்பாலேயே பூசி, மேலே சுண்ணாம்பே அடியுங்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு. வயசான பெரியவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். தேடுங்கள், கிடைப்பார்கள்.

நடுச்சுவரை எடுத்துக் கூடத்தைப் பெரிதாக்குவது பற்றி: இந்த வீடுகளில் கூரைப் பாரம் முழுக்கச் சுவரில்தான் நிற்கிறது. கட்டட இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து பார்க்காமல் ஒரு செங்கலையும் எடுக்கக் கூடாது.

தூசி தாங்க முடியவில்லை. குழந்தைக்கு இளைப்பு வருகிறது.

டைல்ஸ், கிரானைட் அறுப்பதை வீட்டுக்குள் செய்யவே விடாதீர்கள். வாசலில் வைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கச் சொல்லுங்கள். காய்ந்த கல்லை அறுக்கும்போது கிளம்பும் நுண்தூள் நுரையீரலில் தங்கிவிடும். வீட்டுக்காரர்களைவிடத் தினமும் அதே வேலை செய்பவருக்குத்தான் அதில் அதிகக் கெடுதல், அவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். வேலை நடக்கும் அறைக்கும் மற்ற அறைக்கும் நடுவே ஈர வேட்டியைத் தொங்கவிடலாம். சாயந்திரம் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். இளைப்பு இருக்கும் பிள்ளையை இடிக்கும் நாட்களில் பாட்டி வீட்டுக்கு அனுப்புவதைவிட வேறு நல்ல வழி இல்லை.

பழைய கதவு, ஜன்னல் பெயிண்டைச் சுரண்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் நிறைய இருக்கலாம். ஈரப்படுத்திச் சுரண்டி, செதிலை எல்லாம் கூட்டி எடுங்கள். தரையில் தவழ்கிற குழந்தை அந்தப் பக்கம் வரவே கூடாது. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.

புதுச் சிமெண்ட் இறுகுவதற்கு நீராற்றத் தண்ணீர் எவ்வளவு நாள் விட வேண்டும்? எங்க போர் தண்ணி உப்பு.

கட்டட வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சாதாரணச் சிமெண்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்ட்டுக்கு 10 நாள் என்கிறது. வறண்ட வெயில் காலமென்றால் அதுவே 10, 14 நாளாகிறது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் கலப்புச் சிமெண்ட்தான், நம்ம ஊரோ வெயிலூர். எனவே 14 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோணியை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டால் பாதித் தண்ணீர் மிச்சம்.

உப்புத் தண்ணீர் விஷயத்தை லேசாக விடாதீர்கள். பாலாற்றுப் படுகையில், அதுவும் தோல் தொழிற்சாலைகள் இருக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம், நிலத்தடி நீர் பல இடங்களில் கெட்டிருக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் கலவைக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் லாரி சொல்லுங்கள். குழாயில் வருகிற காவிரித் தண்ணீரைக் கலவைக்கு ஊற்ற மனசு வரவில்லை என்றால் அந்த மனசு சரியானதே. மேட்டூரிலிருந்து இங்கே வந்து சேர்கிற குடிதண்ணீர் அது.

டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நீராற்றுவதற்காக நிரப்பிய டிரம், சிமெண்ட் தொட்டி, மெத்தையில் கட்டிய பாத்தி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை வடித்து, தேய்த்துக் கழுவிக் காயவிட்டு நிரப்புங்கள். டிரம்முக்கு மேல் பழைய புடவையை இறுக்கிக் கட்டுங்கள்.

பிளஸ் டூ படிக்கிற பெண் இருக்கிறாள்.

பொதுத்தேர்வு மார்ச்சில். தேர்வு முடியும்வரை ஒத்திப்போடுங்கள். வீடு இன்னும் நாலு மாதம் காத்திருக்கும்.

வீட்டிலேயே தொழில் செய்கிறோம். வேலை நடக்கும்போது என்ன செய்வது?

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலும் தறி போட்ட வீடுகளிலும் இந்தக் கேள்வி முதலில் வர வேண்டும், ஆனால் கடைசியில்தான் வருகிறது. ஊறவைத்த பீடி இலையில் சிமெண்ட் படிந்தால் அந்த நாள் கூலி போச்சு. முறம் வைத்து உட்காரும் இடத்தை, தறிக்குழி இருக்கும் அறையைக் கடைசியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த அறைக்கான நாட்களுக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையைப் பேசி வையுங்கள். அந்த வாரத்து வருமானம் குறையும் என்பதையும் கட்டடச் செலவில் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

"நாளைக்கு வந்துட்றேன்மா" என்று போன மேஸ்திரி மூன்று நாளாக வரவில்லை.

பெரும்பாலும் அவர் இன்னொரு இடத்தில் ஒரு வேலையைப் பிடித்துவைத்திருப்பார். மொத்தமாக முன்பணம் கொடுத்த வீட்டுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக் கூலியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளாதீர்கள், அன்று சாயந்திரம் அவர்கள் வீட்டில் அந்தப் பணத்துக்காகக் காத்திருப்பார்கள். ஒரு நோட்டில் தேதி, வந்த ஆட்கள், கொடுத்த பணம் எழுதி மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குங்கள். கடைசிப் பத்தில் ஒரு பங்கை, ஒழுகல் பார்த்து, குழாய் திறந்து பார்த்து, ஸ்விட்ச் போட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.

வேலையாட்களுக்கு நாம் என்ன செய்ய வேண்டும்?

பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ, குடிக்க நல்ல தண்ணீர். சித்தாள் அக்காமார்களுக்குக் கழிவறை. வீட்டுக் கழிவறையைத் தர யோசிக்கிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு வந்து செங்கல் சுமப்பவர் சாயந்திரம்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார், அதுவும் வேலூர் வெயிலில். தயவுசெய்து கழிவறையை மறுக்காதீர்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள், விபத்து நடந்தால் உதவித்தொகை கிடைக்கும்.

மின்சாரம்?

வேலை தொடங்கும் முன்பே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) போடுங்கள். ஈரச் சுவரும் இழுத்துவிட்ட ஒயரும் சேர்ந்த இடம் இது. பிளக் இல்லாமல் வெறும் ஒயரைச் சொருகும் பழக்கத்தைப் பார்த்தால் உடனே மெயினை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

இடிபாட்டை எங்கே கொட்டுவது?

பாலாற்றிலோ ஏரியிலோ கொட்டக் கூடாது. காய்ந்து கிடக்கிறதே என்று ஆற்றங்கரையில் கொட்டினார்கள். 2021 நவம்பரில் இரு கரை புரண்டு பாலாறு வந்ததை நாமெல்லோரும் பார்த்தோம். கட்டட இடிபாட்டைத் தனியாகக் கையாள வேண்டும் என்று மத்திய அரசு 2016இலேயே விதி போட்டுவிட்டது. மாநகராட்சி சுகாதார ஆய்வாளரைக் கேட்டு இடம் தெரிந்துகொள்ளுங்கள். டிராக்டர்க்காரர் எங்கே கொட்டுகிறார் என்று நீங்களே ஒரு நடை கூடப் போங்கள். பழைய கதவு, ஜன்னல், நாட்டு ஓடு, கடப்பா கல் இவற்றைக் குப்பையோடு அனுப்பாதீர்கள், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.

அறை சேர்ப்பது, மாடி எடுப்பது என்றால் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

அம்மா பழைய சாமான் எதையும் தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார்.

விடாதது சரிதான். ஆட்டுக்கல்லைப் பெயர்த்து எடுக்கும்போதும், சமையலறைச் சுவரில் பிள்ளைகள் உயரம் குறித்த கோட்டைச் சுரண்டும்போதும் அவரிடம் யாரும் கேட்பதில்லை. அதுதான் கோபமாக வருகிறது. எது இருக்க வேண்டும், எது போகலாம் என்று அவரையே கேட்டுச் சீட்டு ஒட்டுங்கள். ஆட்டுக்கல்லைத் தோட்டத்துப் பக்கம் வைக்கலாம். கோட்டைப் படம் எடுத்து, அதே உயரங்களைப் புதுக் கதவு நிலையின் உள்பக்கத்தில் மறுபடி குறித்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்தது. உடனே சாமான்களை உள்ளே வைத்துவிடலாமா?

டைல்ஸ் ஒட்டி 24 மணி நேரம் நடக்கக் கூடாது. பீரோ, கட்டில் போன்ற பாரத்துக்கு இன்னும் சில நாள் பொறுங்கள். புதுச் சிமெண்ட் பூச்சு நன்றாக உலர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், அதற்குள் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் கொப்பளிக்கும். வயரிங்கும் குழாயும் சுவருக்குள் எந்த வழியாகப் போகின்றன என்பதைப் பூச்சுக்கு முன்பே செல்போனில் படம் எடுத்திருப்பீர்கள். அதைக் குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் ஏற்றிவையுங்கள். ஒவ்வொரு வகை டைல்ஸிலும் ஒரு பெட்டி மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் அதே நிறம் கடையில் கிடைக்காது. மேஸ்திரியின் எண்ணை அழித்துவிடாதீர்கள், ஐப்பசி முதல் மழையில் மெத்தையை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கும்.